‘உங்கள்மேல் முழு நம்பிக்கை’: ஆங்கிலத்தில் பிசிறில்லாமல் சொல்வது எப்படி?

‘உங்க மேல எனக்கு முழு நம்பிக்கை இருக்கு’ என்று தமிழில் சொல்ல யாரும் யோசிப்பதில்லை. அதையே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிய நேரம் வந்தால், ஆங்கிலத்துக்குப் புதியவர்கள் வாயில் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது: ‘ஐ ஆம் ஹேவிங் ஃபுல் கான்ஃபிடன்ஸ் ஆன் யூ.’ கேட்பவருக்குப் புரிந்துவிடும். ஆனாலும் இந்த ஒரு வரிக்குள் இரண்டு பிசகு இருக்கிறது. இரண்டையும் நேராக்கினால் கிடைப்பது: ‘ஐ ஹேவ் ஃபுல் கான்ஃபிடன்ஸ் இன் யூ.’

இலக்கணத்தைப் பொறுத்தவரை வேலை ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் இலக்கணம் சரியாக இருந்தும் இந்த வாக்கியம் சொதப்புவதுண்டு. மேலதிகாரியிடம் சொன்னால் அதிகப்பிரசங்கித்தனமாகப் படும். பலர் முன்னிலையில் சொன்னால் ‘என்னவோ நடந்திருக்கிறது’ என்று சந்தேகத்தைக் கிளப்பும். வெறுமனே சொன்னால் வாழ்த்து அட்டை வாசகம் போல ஒட்டாமல் நிற்கும். அதனால் இலக்கணத்தை முதல் இரண்டு படிகளில் முடித்துவிட்டு, மீதியை விரிவாகப் பார்ப்போம்.

படி 1: ‘ஆன்’ வேண்டாம், ‘இன்’ போடுங்கள்

தமிழில் நம்பிக்கை ஒருவர் ‘மேல்’ இருக்கும். பாசமும் மேல்தான், கோபமும் மேல்தான், சந்தேகமும் மேல்தான். அந்தப் பழக்கத்தில்தான் ‘ஆன்’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் நம்பிக்கையைக் குறிக்கும் சொற்கள் ‘இன்’னைத்தான் கேட்கும்: கான்ஃபிடன்ஸ் இன், ஃபெய்த் இன், ட்ரஸ்ட் இன், பிலீவ் இன்.

‘ஆன்’ வருகிற இடமும் உண்டு. ஒருவரைச் சார்ந்து இருக்கிறோம் என்று சொல்லும் வினைகளோடு அது வரும்: ரிலை ஆன், கவுன்ட் ஆன், டிபெண்ட் ஆன், பேங்க் ஆன். ‘யூ கேன் கவுன்ட் ஆன் ஹர்’ என்றால் ‘அவங்களை நம்பி இறங்கலாம்’. ஆக, நம்புவதற்கு ‘இன்’, சார்ந்திருப்பதற்கு ‘ஆன்’ என்று பிரித்து வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பு வராது.

இதை மனத்தில் பதிய வைக்க ஒரு திருட்டுக் கதை இருக்கிறது. 1849-ல் நியூயார்க்கில் வில்லியம் தாம்சன் என்ற பெயரில் ஒருவர் பிடிபட்டார். நன்றாக உடுத்திக்கொண்டு, தெருவில் போகும் வசதியான ஆளிடம் ஏற்கெனவே பழகியவர் போலப் பேச்சுக் கொடுப்பார். பேச்சு சூடு பிடித்ததும் ஒரே ஒரு கேள்வி: ‘ஹேவ் யூ கான்ஃபிடன்ஸ் இன் மீ டு ட்ரஸ்ட் மீ வித் யுவர் வாட்ச் அன்டில் டுமாரோ?’ நாளை வரை உங்கள் கடிகாரத்தை என்னிடம் கொடுத்துவைக்கும் அளவுக்கு என்மேல் நம்பிக்கை இருக்கிறதா என்று அர்த்தம். நம்பிக்கை இல்லை என்று முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? கூச்சப்பட்டுக் கழற்றிக் கொடுத்தவர்கள் கடிகாரத்தைப் பிறகு பார்க்கவில்லை. நியூயார்க் ஹெரால்டு பத்திரிகை அவரை ‘கான்ஃபிடன்ஸ் மேன்’ என்று எழுதியது. அதுதான் சுருங்கி இன்று மோசடிப் பேர்வழியைக் குறிக்கும் ‘கான் மேன்’ ஆகியிருக்கிறது.

அந்த ஒரு கேள்விக்குள் நமக்கு வேண்டிய இரண்டு அமைப்பும் இருக்கின்றன. கான்ஃபிடன்ஸ் இன் என்று வந்து பிறகு ஆள். ட்ரஸ்ட் என்று வந்து ஆள், பிறகு வித், பிறகு பொருள். ‘ஹேவ் யூ’ என்று கேள்வியைத் தொடங்குவது பழைய நடை. இன்று ‘டூ யூ ஹேவ்’ என்போம். மற்றபடி அந்த ஆளின் இலக்கணத்தில் குறையில்லை.

படி 2: ‘ஹேவிங்’கை எடுத்துவிடுங்கள்

‘நம்புகிறேன்’, ‘நம்பிக்கை இருக்கிறது’ என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதால், ஆங்கிலத்தில் ‘இங்’ சேர்க்கத் தோன்றுகிறது. மனநிலையைச் சொல்லும்போது ஹேவ், ட்ரஸ்ட், பிலீவ், நோ (‘தெரியும்’ என்ற பொருளில் வருவது) ஆகிய வினைகள் பொதுவாக ‘இங்’ ஏற்பதில்லை. ‘ஐ ஹேவ்’, ‘ஐ ட்ரஸ்ட்’, ‘ஐ பிலீவ்’, அவ்வளவே.

‘ஐ ஆம் ட்ரஸ்டிங் யூ வித் திஸ்’ என்று ஆங்கிலேயரே சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது வேறு தொனி. ‘உன்னை நம்பித்தான் இதை ஒப்படைக்கிறேன், பாத்துக்கோ’ என்று ஒரு குறிப்பிட்ட வேலையைக் கொடுக்கும்போது வருவது. உள்ளே ஒரு சின்ன எச்சரிக்கை இருக்கும். முழு நம்பிக்கையைச் சொல்ல அது உதவாது.

இன்னொன்று: கான்ஃபிடன்ஸுக்கு முன்னால் ‘ஏ’ வராது. ‘ஏ ஃபுல் கான்ஃபிடன்ஸ்’ என்பது தவறு. பன்மையும் இந்தப் பொருளில் கிடையாது. ‘கான்ஃபிடன்ஸஸ்’ என்று பன்மையில் எழுதினால், ஒருவரோடு ஒருவர் பகிர்ந்துகொண்ட ரகசியங்கள் என்று பொருள் மாறிவிடும்.

படி 3: எந்த நம்பிக்கை என்று முதலில் தீர்மானியுங்கள்

தமிழில் எல்லாவற்றுக்கும் ‘நம்பிக்கை’ என்ற ஒரே சொல் போதும். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் மூன்று சொற்கள் நிற்கின்றன. ஒன்றுக்குப் பதில் ஒன்றைப் போட்டால் சொல்ல வந்தது நகர்ந்துவிடும்.

கான்ஃபிடன்ஸ் என்பது திறமையைப் பார்த்து வருவது. இவர் இதற்கு முன் செய்திருக்கிறார், இப்போதும் செய்வார் என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. ட்ரஸ்ட் என்பது குணத்தைப் பார்த்து வருவது: பொய் சொல்ல மாட்டார், ஏமாற்ற மாட்டார், சொன்னதைச் செய்வார். ஃபெய்த் என்பது ஆதாரம் போதாத இடத்திலும் விடாமல் வைப்பது. இரண்டு முறை தோற்றுப்போன நண்பரிடம் ‘ஐ ஸ்டில் ஹேவ் ஃபெய்த் இன் யூ’ என்று சொல்லலாம். அங்கே கான்ஃபிடன்ஸ் என்று போட்டால் கொஞ்சம் செயற்கையாகத் தெரியும். கணக்கு அவர் பக்கம் இல்லாத நேரம் அது.

ஒரே ஆளிடம் ஒன்று இருந்து மற்றொன்று இல்லாமலும் போகலாம். ‘ஐ ஹேவ் எவ்ரி கான்ஃபிடன்ஸ் இன் ஹிம் ஆஸ் எ சர்ஜன், பட் ஐ வுடன்ட் ட்ரஸ்ட் ஹிம் வித் எ சீக்ரெட்.’ கத்தியை அவர் கையில் கொடுக்கலாம், ரகசியத்தைக் கொடுக்க முடியாது. ஒரு கணக்காளரைப் பற்றிச் சொல்கிறீர்கள் என்றால் எது என்று இன்னும் கவனமாக யோசிக்க வேண்டும். கணக்கில் கெட்டி என்று சொல்ல வருகிறீர்களா, கை சுத்தம் என்று சொல்ல வருகிறீர்களா?

‘பிலீவ்’ விஷயத்திலும் ஒரு சறுக்கல் இருக்கிறது. ‘ஐ பிலீவ் யூ’ என்றால் நீங்கள் இப்போது சொன்னதை உண்மை என்று ஏற்கிறேன். ‘ஐ பிலீவ் இன் யூ’ என்றால் உங்களால் முடியும் என்று நம்புகிறேன். தேர்வுக்குப் போகிற தம்பியிடம் ‘இன்’னை விட்டுவிட்டு ‘ஐ பிலீவ் யூ’ என்று சொன்னால், ‘நான் என்ன சொன்னேன்?’ என்று விழிப்பான்.

படி 4: அடைமொழியைத் தேர்ந்தெடுத்தல்

ஃபுல், கம்ப்ளீட், டோட்டல், அப்ஸல்யூட், அட்மோஸ்ட், எவ்ரி. ஆறும் ‘முழு’ என்கிற ஒரே இடத்தைத்தான் நிரப்புகின்றன. ‘ஃபுல்’ அறிக்கை வாசனை அடிக்கும்; நிர்வாகமும் அரசும் வெளியிடும் வரிகளில் அதிகம் வரும். ‘கம்ப்ளீட்’ எங்கும் பொருந்தும், தடுமாற்றமாக இருந்தால் இதையே எடுங்கள். டோட்டல், அப்ஸல்யூட் இரண்டும் சற்றே அழுத்தம் கூட்டும். ‘அட்மோஸ்ட்’ கடித நடை. அதற்கு முன்னால் ‘தி’ போட மறக்கக் கூடாது: ‘ஐ ஹேவ் தி அட்மோஸ்ட் கான்ஃபிடன்ஸ் இன் ஹர்.’

எனக்குப் பிடித்தது ‘எவ்ரி கான்ஃபிடன்ஸ்’. இலக்கணப் புத்தகம் படித்தவர்களுக்கு இது உறுத்தும். எவ்ரி என்றால் எண்ணக்கூடிய பொருளோடு அல்லவா வர வேண்டும், எவ்ரி சேர், எவ்ரி டே என்று? உண்மைதான். ஆனால் எவ்ரி கான்ஃபிடன்ஸ், எவ்ரி சிம்பதி, எவ்ரி சக்சஸ் போன்ற சில சேர்க்கைகளில் எவ்ரி என்பது ‘எவ்வளவு இருக்க முடியுமோ அவ்வளவும்’ என்ற பொருளில் நிலைத்துவிட்டது. ‘ஐ ஹேவ் எவ்ரி கான்ஃபிடன்ஸ் இன் யூ’ என்பதில் ‘ஃபுல்’லில் இல்லாத ஓர் இதம் இருக்கிறது. கடிதத்திலும் பேச்சிலும் ஒரேபோல உட்காரும்.

‘நூறு சதவீதம்’ என்பதைப் பேச்சில் தாராளமாகச் சொல்லலாம்: ‘ஐ ட்ரஸ்ட் ஹர் எ ஹண்ட்ரட் பர்சென்ட்.’ அதற்கு மேல் போகாதீர்கள். 1972-ல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக நின்ற ஜார்ஜ் மெக்கவர்ன், தன்னோடு துணை ஜனாதிபதி பதவிக்கு நின்ற தாமஸ் ஈகிள்டன் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றது வெளியே தெரிந்ததும், அவருக்கு ‘ஆயிரம் சதவீதம்’ ஆதரவு என்று அறிவித்தார். விஷயம் வெளிவந்தது ஜூலை 25. ஜூலை 31-ல் ஈகிள்டன் விலக நேர்ந்தது, அதுவும் மெக்கவர்ன் கேட்டுக்கொண்டதன் பேரில். அன்றிலிருந்து ‘தவுசண்ட் பர்சென்ட்’ என்பதைக் கேட்டாலே அரசியல் தெரிந்தவர்கள் கொஞ்சம் சிரிப்பார்கள்.

நமக்கென்றே உள்ள ஒரு பொறியும் இங்கே இருக்கிறது. ‘அவரைக் கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்’ என்பது தமிழில் உச்சமான பாராட்டு. அதை அப்படியே ‘ஐ ட்ரஸ்ட் ஹிம் பிளைண்ட்லி’ என்று கொண்டுபோனால், ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் காதில் அது பாராட்டாகப் பெரும்பாலும் விழாது. ‘பிளைண்ட் ஃபெய்த்’, ‘பிளைண்ட் ட்ரஸ்ட்’ எல்லாம் யோசிக்காமல் நம்பி ஏமாறப்போகிறவரைப் பற்றிச் சொல்வது. (‘பிளைண்ட் ட்ரஸ்ட்’ என்று ஒரு சட்ட ஏற்பாடு தனியாக உண்டு: பதவியில் இருப்பவர் தன் சொத்தை வேறொருவர் நிர்வாகத்தில் விட்டுவிட்டு, எதை வாங்குகிறார்கள், எதை விற்கிறார்கள் என்றே தெரியாமல் இருப்பது.) கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கு ஆங்கிலத்தில் சரியான சொல் ‘இம்ப்ளிசிட்லி’. ‘ஐ ட்ரஸ்ட் ஹர் இம்ப்ளிசிட்லி.’ கேள்வி கேட்காமல் நம்புகிறேன், அதில் எனக்குத் தயக்கமும் இல்லை என்பது முழுதாக வந்துவிடும்.

இன்னும் நெருக்கமாகச் சொல்ல வேண்டுமானால் ‘ஐ வுட் ட்ரஸ்ட் ஹிம் வித் மை லைஃப்.’ உயிரையே ஒப்படைப்பேன். இதை வாரத்துக்கு ஒருமுறை சொன்னால் மதிப்பு போய்விடும்.

படி 5: வால் சேருங்கள்

என்னைக் கேட்டால், புதியவர்கள் நேரம் செலவழிக்க வேண்டியது அடைமொழியில் இல்லை, இங்கேதான். ‘ஐ ஹேவ் கம்ப்ளீட் கான்ஃபிடன்ஸ் இன் யூ’ என்று நிறுத்தினால் அது அந்தரத்தில் தொங்குகிறது. எதில் நம்பிக்கை? எதைப் பார்த்து வந்தது? அதைச் சொன்னால் ‘கம்ப்ளீட்’டே தேவைப்படாமல் போகலாம்.

வால் சேர்க்க மூன்று வழி போதும். ‘இன்’னுக்குப் பிறகு ஆளை விட்டு அவருடைய ஒரு குணத்தைச் சொல்வது: ‘இன் யுவர் ஜட்ஜ்மென்ட்’. திறனைச் சொல்வது: ‘இன் ஹர் அபிலிட்டி டு ரன் த டீம்’. அல்லது ‘தட்’ போட்டு நடக்கப்போவதைச் சொல்வது: ‘ஐ ஹேவ் எவ்ரி கான்ஃபிடன்ஸ் தட் யூ வில் ஃபினிஷ் இட்’. ‘தட்’ வந்தால் ‘இன்’ போய்விடும் என்பதைக் கவனியுங்கள். ‘கான்ஃபிடன்ஸ் இன் தட் யூ வில்’ என்று இரண்டையும் சேர்க்கக் கூடாது.

ஒரு மின்னஞ்சலை எடுத்துக்கொள்வோம். குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் முதல் தடவையாகத் தனியாக ஒரு வாடிக்கையாளரிடம் வியாழக்கிழமை பேசப்போகிறார். அவருக்கு முந்தின நாள் ஊக்கமாக இரண்டு வரி எழுத வேண்டும். வழக்கமாக எழுதப்படுவது:

‘ஐ ஹேவ் ஃபுல் அண்ட் கம்ப்ளீட் கான்ஃபிடன்ஸ் இன் யூ. யூ வில் டெஃபினிட்லி டூ வெரி வெல். ஆல் த வெரி பெஸ்ட்.’

தவறு எதுவும் இல்லை. ஆனால் இதை யாருக்கும், எதற்கும் அனுப்பலாம். ஓட்டப் பந்தயத்துக்குப் போகிறவருக்கும் கூட. படிக்கிறவர் ‘தேங்க்ஸ்’ என்று பதில் போட்டுவிட்டு அதே பதற்றத்தோடு உட்கார்ந்திருப்பார். இப்போது இதைப் பாருங்கள்:

‘யூ ஆன்சர்ட் தேர் குவெஸ்டியன்ஸ் லாஸ்ட் மன்த் பெட்டர் தேன் ஐ டிட். ஐ ஹேவ் எவ்ரி கான்ஃபிடன்ஸ் இன் யூ ஃபார் தர்ஸ்டே. இஃப் எனிதிங் கம்ஸ் அப், ஐ ஆம் ஒன்லி எ கால் அவே.’

முதல் வரி ஆதாரம்: போன மாதம் அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு என்னைவிட நன்றாகப் பதில் சொன்னீர்கள். இரண்டாவது வரியில் நம்பிக்கை ஒரு குறிப்பிட்ட நாளோடு கட்டப்பட்டிருக்கிறது. மூன்றாவது வரி கதவைத் திறந்து வைக்கிறது. ஏதாவது என்றால் கூப்பிடுங்கள். ‘டெஃபினிட்லி’யும் ‘வெரி’யும் காணோம், அவற்றுக்கு வேலையும் இல்லை. இந்த வரிசையில் மாற்றம் செய்தால் பலன் குறையும். குறிப்பாக மூன்றாவது வரி முதலில் வந்தால், பிரச்சினை வரும் என்று எதிர்பார்ப்பது போலாகிவிடும்.

‘பட்’ என்ற சொல்லை இந்த வாக்கியத்தின் பக்கத்தில் விடாதீர்கள். ‘ஐ ஹேவ் எவ்ரி கான்ஃபிடன்ஸ் இன் யூ, பட் ப்ளீஸ் டபுள் செக் த நம்பர்ஸ்’ என்று எழுதினால் கேட்பவருக்கு ‘பட்’டுக்குப் பிந்தியது மட்டும்தான் மனத்தில் நிற்கும். எண்களைச் சரிபார்க்கச் சொல்ல வேண்டுமானால் அதை வேறு வாக்கியமாக, முடிந்தால் வேறு பத்தியில், சொல்லுங்கள்.

படி 6: யார் யாரிடம் சொல்வது?

இந்த வாக்கியம் மேலிருந்து கீழே இயல்பாக இறங்கும். ஆசிரியர் மாணவரிடம், மேலாளர் குழுவினரிடம், பெற்றோர் பிள்ளையிடம். சமமானவர்களிடையேயும் ஓடும், ஆனால் நண்பர்களுக்குள் ‘ஐ பிலீவ் இன் யூ’, ‘யூ ஹாவ் காட் திஸ்’ என்று இலேசாகச் சொல்வதே வழக்கம்.

கீழிருந்து மேலே ஏறும்போதுதான் இடிக்கிறது. மேலாளரிடம் ‘சார், ஐ ஹேவ் கம்ப்ளீட் கான்ஃபிடன்ஸ் இன் யூ’ என்றால், அவருக்கு மதிப்பெண் போடும் இடத்தில் நீங்கள் இருப்பது போலாகிறது. தமிழில் ‘சார், உங்க மேல எங்களுக்கு முழு நம்பிக்கை இருக்கு’ என்றால் அது பணிவாகவே கேட்கும்; ஆங்கிலத்தில் அந்தப் பணிவு கூடவே வருவதில்லை. பதிலாக ‘ஐ ட்ரஸ்ட் யுவர் ஜட்ஜ்மென்ட் ஆன் திஸ்’ என்று ஒரு முடிவோடு மட்டும் கட்டிச் சொல்லலாம். அல்லது நம்பிக்கை என்ற சொல்லே இல்லாமல் ‘ஐ ஆம் க்ளாட் யூ ஆர் ஹேண்ட்லிங் இட்’. இதை நீங்கள் பார்த்துக்கொள்வது எனக்கு நிம்மதி என்பது அதற்குள் வந்துவிடுகிறது.

மருத்துவர், வழக்கறிஞர் போன்றவர்களிடம் இந்தச் சிக்கல் இல்லை. ‘வி ஹேவ் கம்ப்ளீட் கான்ஃபிடன்ஸ் இன் யூ, டாக்டர்’ என்று நோயாளியின் வீட்டார் சொல்வது முற்றிலும் பொருத்தம். ஒப்படைக்கிறவர்கள் அவர்கள்தானே.

மூன்றாமவரிடம் ஒருவரைப் பற்றிச் சொல்லும்போதுதான் இந்த வாக்கியத்துக்கு உண்மையான வேலை. பரிந்துரைக் கடிதத்தில் ‘ஐ ஹேவ் எவ்ரி கான்ஃபிடன்ஸ் தட் ஷி வில் டூ வெல் இன் யுவர் ப்ரோக்ராம்’ என்பது நல்ல முடிவு வரி. கூடவே இரண்டு துணைகள்: ‘ஐ கேன் வவுச் ஃபார் ஹர்’ என்றால் அவருக்கு நான் ஜவாப்தாரி. ‘ஐ ரெகமெண்ட் ஹர் வித்தவுட் ரிசர்வேஷன்’ என்றால் எந்தத் தயக்கமும் இல்லாமல் பரிந்துரைக்கிறேன். நமக்கு ரிசர்வேஷன் என்றதும் ரயிலும் இட ஒதுக்கீடும்தான் ஞாபகம் வரும். இங்கே அந்தச் சொல்லுக்கு உள்ளுக்குள் இருக்கும் தயக்கம் என்று பொருள். ‘வவுச்’ சொல்லும்போது மட்டும் நிதானம் வேண்டும். ஆள் பிசகினால் கேள்வி உங்களிடம் வரும்.

படி 7: பொறிகள்

யாரும் கேட்காமல் பலர் முன்னிலையில் இதை அறிவிக்காதீர்கள். கால்பந்து உலகில் இதற்கென்று ஒரு பேச்சு வழக்கே இருக்கிறது. அணி தொடர்ந்து தோற்கும்போது ‘மேலாளர்மீது நிர்வாகத்துக்கு முழு நம்பிக்கை இருக்கிறது’ என்று அறிக்கை வரும். ரசிகர்கள் அதை ‘ட்ரெடட் வோட் ஆஃப் கான்ஃபிடன்ஸ்’ என்பார்கள், பயமுறுத்தும் நம்பிக்கை ஓட்டு. அடுத்து வேலை போகப்போகிறது என்பதன் அறிகுறியாகவே அதைப் படிக்கிறார்கள். ‘எங்கப்பன் குதிருக்குள் இல்லை’ கதைதான். கூட்டத்தில் திடீரென்று ஒருவர் பெயரைச் சொல்லி ‘ஐ ஹேவ் ஃபுல் கான்ஃபிடன்ஸ் இன் ஹிம்’ என்றால், மற்றவர்கள் அவருக்கு என்ன ஆயிற்று என்று யோசிக்கத் தொடங்குவார்கள். தனியாக அவரிடம் சொல்லுங்கள், அல்லது கேட்டால் சொல்லுங்கள்.

‘உங்க மேல சந்தேகமே இல்லை’ என்பதை ‘ஐ ஹேவ் நோ டவுட் ஆன் யூ’ என்று ஆக்காதீர்கள். அது வழக்கில் இல்லை. கேட்பவருக்கு ஏதோ குற்றப் பட்டியலிலிருந்து பெயரை அடித்தது போலவும் படலாம். ‘ஐ ஹேவ் நோ டவுட் யூ வில் மேனேஜ்’ என்று, நடக்கப்போவதோடு சேர்த்துச் சொன்னால் அழகாக இருக்கும்.

‘இன் கான்ஃபிடன்ஸ்’ என்பது வேறு. ‘ஷி டோல்ட் மீ இன் கான்ஃபிடன்ஸ்’ என்றால் வெளியே சொல்லக் கூடாது என்று சொல்லிச் சொன்னார். ‘கன்ஃபைட் இன்’ என்பதும் மனத்தில் உள்ளதைக் கொட்டுவதைத்தான் குறிக்கும். ‘ஐ கன்ஃபைட் இன் ஹிம்’ என்று நம்பிக்கைப் பொருளில் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அவரிடம் ரகசியம் பேசுவேன் என்றுதான் அது புரிந்துகொள்ளப்படும்.

‘ட்ரஸ்ட்’டும் சில இடங்களில் வேஷம் மாறும். ‘ட்ரஸ்ட் ஹிம் டு பி லேட்!’ என்று கேட்டால் பாராட்டு என்று நினைக்காதீர்கள். ‘அவனாச்சே, லேட்டாத்தான் வருவான்’ என்ற கிண்டல் அது. அதேபோல ‘ஐ ட்ரஸ்ட் யூ ஹேவ் ஃபினிஷ்ட் த ரிப்போர்ட்’ என்று மேலாளர் எழுதினால், அங்கே நம்பிக்கையும் கிடையாது, பாராட்டும் கிடையாது. இந்நேரம் முடித்திருக்க வேண்டும் என்று மரியாதையாக இடிக்கிறார். உடனே எழுந்து அறிக்கையைத் தேடுவது நல்லது.

படி 8: வாயால் சொல்லும்போது

‘கான்ஃபிடன்ஸ்’ என்பதில் அழுத்தம் முதல் அசையில் விழ வேண்டும். கடைசி அசையை ‘டென்ஸ்’ என்று நீட்டாமல், இலேசாக ‘டன்ஸ்’ என்று விட்டுவிடுங்கள். ‘எவ்ரி’ இரண்டே அசை, ‘எவெரி’ இல்லை.

வாக்கியத்தில் ‘எவ்ரி’யும் ‘கான்’னும் தூக்கலாக ஒலிக்கட்டும், ‘இன் யூ’ அடங்கி ஒலிக்கட்டும். ‘யூ’வை அழுத்தினால் அர்த்தம் திரும்பிவிடும்: உன்மேல் நம்பிக்கை இருக்கிறது, மற்றவர்கள் விஷயம் வேறு. ‘ஐ டூ ஹேவ் கான்ஃபிடன்ஸ் இன் யூ’ என்று நடுவில் ‘டூ’ போட்டாலும் இதே கதிதான். யாரோ இல்லை என்று சொன்னதற்கு மறுப்புச் சொல்வது போலவோ, பின்னால் ஒரு ‘பட்’ வரப்போவது போலவோ கேட்கும்.

உங்களிடம் யாராவது இதைச் சொன்னால் பதில் சுருக்கமாக இருக்கட்டும். ‘தேங்க் யூ, ஐ வோன்ட் லெட் யூ டவுன்’, அல்லது சற்று முறையாக ‘ஐ அப்ரிஷியேட் யுவர் கான்ஃபிடன்ஸ் இன் மீ’. ‘ஐயோ, நான் எல்லாம் ஒண்ணுமே இல்லீங்க’ என்கிற நம் வழக்கமான அடக்கத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தால், எதிரில் இருப்பவர் தான் தப்பான ஆளிடம் கொடுத்துவிட்டோமோ என்று உண்மையாகவே யோசிப்பார்.

படி 9: நம்பிக்கை முழுதாக இல்லாவிட்டால்

எல்லோருக்கும் எவ்ரி கான்ஃபிடன்ஸ் கொடுக்க வேண்டியதில்லை. யாராவது உங்களிடம் ஒருவரைப் பற்றிக் கேட்டு, உங்களுக்கு முக்கால்வாசி நம்பிக்கைதான் என்றால், அதற்கும் வரிகள் இருக்கின்றன. ‘ஐ ஆம் ஃபேர்லி கான்ஃபிடன்ட் ஹி வில் மேனேஜ்’ என்றால் பெரும்பாலும் சமாளிப்பார். இங்கே ‘கான்ஃபிடன்ட்’ என்பது பெயரடை. ‘ஹேவ்’ வராது, ‘ஆம்’ வரும். ‘ஐ ஹேவ் கான்ஃபிடன்ட்’ என்று இரண்டையும் குழப்புவது புதியவர்களிடம் மிக அதிகம்.

ஒரு பகுதியில் மட்டும் நம்பிக்கை என்றால் அதை மட்டும் சொல்லுங்கள்: ‘ஐ வுட் ட்ரஸ்ட் ஹிம் வித் த டிசைன். ஐ ஹாவன்ட் சீன் ஹிம் ஹேண்டில் எ பட்ஜெட்.’ வடிவமைப்பை அவரிடம் ஒப்படைப்பேன். வரவு செலவை அவர் கையாண்டு நான் பார்த்ததில்லை. கேட்டவருக்கு இதில் ‘ஃபுல் கான்ஃபிடன்ஸ்’ஸை விட அதிகத் தகவல் கிடைக்கிறது. நாளை நீங்கள் வேறொருவரைப் பற்றி அவருக்கு ‘ஐ ஹேவ் எவ்ரி கான்ஃபிடன்ஸ் இன் ஹர்’ என்று எழுதினால் அதை அவர் அப்படியே எடுத்துக்கொள்வார்.